பார்ப்பவர் இல்லாத ஆய்வகம்

வேலூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போகிறவர்களில் பாதிப்பேர் சித்தூரைத் தாண்டியதும் தூங்கிவிடுகிறார்கள். தரிசன டிக்கெட் கையில் இருக்கிறது, மலையேறும்போது விழித்தால் போதும் என்ற நிம்மதி. அந்தத் தூக்கத்தில் தவறிப்போகும் ஊர்களில் ஒன்று காதங்கி. சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஏறக்குறைய நடுவில், சுற்றிலும் குன்றுகள் நிற்க, பள்ளத்தில் கிடக்கும் கிராமம். அங்கே 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட மைதானத்தில், 32 வரிசை, வரிசைக்கு 32 என்று 1024 இடங்களில் ஆன்டெனாக்கள் நடப்பட்டிருக்கின்றன. தூர்தர்ஷன் காலத்தில் நம் மொட்டை மாடிகளில் நின்ற மீன்முள் ஆன்டெனாவின் உறவுதான். யாகி என்று பெயர். எல்லாம் வானத்தையே பார்த்து நிற்கின்றன.

53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்பதுதான் இந்த மைதானத்தின் வேலை. விமானத்தில் பட்டோ மேகத்தில் பட்டோ திரும்புவதல்ல. தெளிந்த காற்றுக்குள் இருக்கும் சுழிப்புகளில் பட்டு மிகமிக மெலிந்து திரும்பும் எதிரொலி. அதை வைத்து எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வித்தை சாத்தியம் என்று காட்டியவர்கள் பெரு நாட்டுக்காரர்கள். லிமா அருகே ஹிகமார்க்காவில் இருந்த ரேடாரை வைத்து ரொனால்ட் வுட்மனும் ஆல்பெர்தோ கியெனும் 1974இல் எழுதிய கட்டுரை வானிலை அறிவியலின் போக்கையே மாற்றியது. பத்தாண்டு கழித்து ஜப்பானில் ஷிகராக்கி மலையில் ஒன்று வந்தது. 1990களின் தொடக்கத்தில் காதங்கியில் வந்தது.

காதங்கி ரேடாருக்குப் பணம் போட்டவர்கள் ஆறு பேர். விண்வெளித் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை, மின்னணுவியல் துறை, சுற்றுச்சூழல் துறை, சி.எஸ்.ஐ.ஆர். ஆகிய ஐந்தோடு ஆறாவதாக நின்றது பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு, அதாவது டி.ஆர்.டி.ஓ. மேற்பார்வை விண்வெளித் துறையிடம். கட்டிக்கொடுத்தது மின்னணுவியல் துறையின் கீழிருந்த சமீர் நிறுவனம். காற்றைப் படிக்கும் கருவிக்குப் பாதுகாப்புத் துறை ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்கத் தேவையில்லை. ஏவுகணையும் காற்றுக்குள்தான் போகிறது. ஆன்டெனாவை அசைக்காமலே கதிரைத் திருப்பும் நுட்பம் அவர்களுக்கும் வேண்டும். ஆகாஷ் ஏவுகணைக்கு வழிகாட்டும் ராஜேந்திரா ரேடார் அந்த நுட்பத்தில்தான் ஓடுகிறது.

அரசாங்கம் ஒன்று, பணம் ஒன்று, நுட்பமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் காதங்கியிலும் ஒரு பாதுகாப்பு ஆய்வகத்திலும் ஒரே வயதில் வேலைக்குச் சேரும் இரண்டு இளைஞர்கள் இருபது ஆண்டுக்குப் பிறகு இரண்டு வேறு மனிதர்களாக ஆகிவிடுகிறார்கள். இது எதனால் என்பதுதான் என் கேள்வி. திறமையில் ஏற்றத்தாழ்வு என்று நான் நம்பவில்லை. இருவரும் ஒரே கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள், ஒரே கேட் தேர்வை எழுதியவர்கள்.

காதங்கி தொடக்கத்திலிருந்தே தேசியப் பொது வசதியாக நடத்தப்பட்டது. எந்தப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரும் விண்ணப்பித்து ரேடார் நேரம் வாங்கலாம். திருப்பதியில் 1954இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு அது பக்கத்து வீடு. மாணவர்கள் இரவெல்லாம் தங்கித் தரவு எடுத்தார்கள். 1998இல் ஜப்பானியரோடு சேர்ந்து லேசர் கதிரால் வளிமண்டலத்தைப் படிக்கும் லைடார் கருவி ஒன்றை வைத்தார்கள். 2005இல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் என்று பெயர் மாறியது. பிறகு பழைய அலைபரப்பிகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் ஒரு திண்மநிலைக் கருவியைத் தாங்களே வடிவமைத்துப் பொருத்தினார்கள். இவையெல்லாம் ஆண்டறிக்கையிலும் ஆய்விதழ்களிலும் பெயரோடு இருக்கின்றன. அப்படி வெளிவந்த ஒரு கட்டுரையின் வரைபடத்தில் ஒரு வளைவு தவறாக இருந்தால் கியோட்டோவிலோ லிமாவிலோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிக் கேட்பார். அவருக்கு இங்கே யார் இயக்குநர், யார் யாருக்குச் சீனியர், யார் எந்த மாநிலத்துக்காரர் என்று எதுவும் தெரியாது. தெரியாததுதான் அவருடைய பலம்.

பாதுகாப்பு ஆய்வகத்தில் அந்த முன்பின் தெரியாதவர் இல்லை.

எங்கள் உறவில் ஒரு மாமா, சித்தூர்க்காரர். வேறொரு நகரத்தில் ஓர் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்துவிட்டுத் திருப்பதியில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆய்வகத்தின் பெயர் வேண்டாம். காலையில் கேட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், மாலையில் அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கேட்டேன்.

“இத்தனை வருஷமா என்னதான் மாமா பண்ணீங்க?”

“ஒரு சீல். அழுத்தம் தாங்கற சீல். அதுக்கு மேல கேக்காதே.”

“அது வேலை செஞ்சுதா?”

“செஞ்சுதுன்னு பார்ட்டி குடுத்தாங்க. ஏன் செஞ்சுதுன்னு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டார்.”

அத்தை சிரித்தாள். அவளுக்கும் அன்றுதான் சீல் என்றே தெரியும். பிறகு பேச்சுவாக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். முதலில் நடந்த ஒரு சோதனைக்கு முன்பே அந்தச் சீலில் கோளாறு இருப்பதாக நோட் எழுதி அனுப்பினாராம். மேலே இருந்தவர், “ரிவ்யூ முடியட்டும், இப்போ குழப்பாதீங்க” என்று ஃபைலிலேயே வைத்துவிட்டாராம். சோதனை தவறியது. அடுத்த ரிவ்யூவில் அதே காரணத்தை மேலே இருந்தவர் தன் கண்டுபிடிப்பாகச் சொன்னார். “யார்கிட்ட போய்ச் சொல்றது? வெளியில சொன்னா குத்தம். உள்ள சொன்னா கலகம்.” மாமா இதைக் கோபமாகச் சொல்லவில்லை, பால் பாக்கெட் விலை ஏறியதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

இப்படிப்பட்ட அதிகாரி எல்லா அலுவலகங்களிலும் இருப்பார் என்று சொல்லலாம். இருப்பார். ஆனால் மற்ற இடங்களில் அடிபட்ட விஞ்ஞானிக்கு ஒரு வழி உண்டு: ஒரு கட்டுரையை வெளியே அனுப்பி, தன் பெயரைத் தேதியோடு பதித்துவிடலாம். மாமாவுக்கு அந்த வழி கிடையாது. 1923ஆம் ஆண்டு ரகசியச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது; இன்னும் நடப்பில் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ரகசியம் என்றாலே மூச்சு முட்டும் வேலையிடம் என்று முடிவு கட்ட முடியாது. ரேடார் பிறந்ததே ரகசியத்தில்தான். 1935 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டாவென்ட்ரி அருகே வானொலி அலை ஒரு விமானத்தில் பட்டுத் திரும்புவதை ராபர்ட் வாட்சன் வாட் காட்டியபோது பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். போர்க்காலத்தில் அந்த ஆய்வு நடந்த நிறுவனத்துக்குத் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி என்று மூடுபெயர் வைத்தார்கள். 1942இல் அதை மால்வெர்ன் என்ற ஊரின் பள்ளிக்கூடக் கட்டடங்களுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அதன் தலைவர் ஏ.பி. ரோவ் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் அறையில் ஒரு கூட்டம் நடத்துவார். விமானப்படைத் தளபதிகள் வருவார்கள், மந்திரிகளும் வருவதுண்டு. கல்லூரியிலிருந்து நேற்று வந்த இளைஞனும் உட்கார்ந்திருப்பான். பதவியைக் கேட்டில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். படைத்தளபதி தன் தேவையைச் சொல்வார். இளைஞன் அது நடக்காது, ஏனென்றால் இன்னது என்று முகத்துக்கு நேராகச் சொல்வான். அங்கிருந்தவர்களே கிண்டலாக அதற்கு ஞாயிற்றுக்கிழமை சோவியத் என்று பெயர் வைத்தார்கள். வெளியே ஒரு வார்த்தை போகாது, உள்ளே எந்த வார்த்தைக்கும் தடை கிடையாது.

அந்தப் போரில் அறிவியலாளர்களையும் படைகளையும் சேர்த்து வைத்தவர்களில் முக்கியமானவர் பேட்ரிக் பிளாக்கெட். அவர் 1947 ஜனவரியில் டெல்லி அறிவியல் மாநாட்டுக்கு வந்தபோது நேரு அவரைப் பிடித்துக்கொண்டார். சுதந்திர இந்தியாவின் படைகளுக்கு அறிவியல் எப்படி வேண்டும் என்று பிளாக்கெட் 1948இல் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு பாதுகாப்பு அமைச்சகத்துக்கு முதல் அறிவியல் ஆலோசகராக வந்தவர் தௌலத் சிங் கோத்தாரி. வெண்குறு விண்மீன்களைப் பற்றி எழுதிய இயற்பியலாளர், பிற்பாடு கல்விக் குழுவின் பெயரால் நாடே அறிந்தவர். 1949இலேயே பாதுகாப்பு அறிவியலுக்கென ஓர் ஆய்விதழ் தொடங்கி, இன்றும் வருகிறது. 1958இல் டி.ஆர்.டி.ஓ. பத்து ஆய்வகங்களோடு உருவானது. பிறகு அது ஐம்பதுவரை வளர்ந்தது.

பிளாக்கெட் வந்தார், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரவில்லை. நமக்கு வந்தது அதன் வெளிக்கதவு மட்டும்.

உள்ளே உட்கார்ந்தது என்னவென்று ஆவடிக்காரர்களைக் கேட்டால் தெரியும். தமிழ் வாசகருக்கு மிக அருகில் இருக்கும் பாதுகாப்பு ஆய்வகம் ஆவடியில்தான், திருப்பதி ரயில்கள் போகும் பாதையிலேயே. அர்ஜுன் டாங்கி அங்கேதான் பிறந்தது. 1974இல் அனுமதி கிடைத்தது. படையிடம் முதல் தொகுதி போனது 2004இல். நடுவே முப்பது ஆண்டுகள். இதற்கு ஆய்வகத்தின் சோம்பல் என்று ஒரு தரப்பு சொல்கிறது. படை தன் தேவைப் பட்டியலை மாற்றிக்கொண்டே இருந்தது என்று மறு தரப்பு சொல்கிறது. பீரங்கி ஒரு அளவில் தொடங்கி இன்னொரு அளவில் முடிந்தால் மொத்த வண்டியும் மாறத்தானே வேண்டும். 2010இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் அர்ஜுனையும் ரஷ்ய டி-90ஐயும் நேருக்கு நேர் ஓட்டிச் சுட்டுப் பார்த்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதைப் பத்திரிகைகளில் கசிந்ததை வைத்துத்தான் ஊர் பேசியது. முப்பது ஆண்டு உழைத்த ஆவடிப் பொறியாளருக்கு, “பாருங்கள், என் வண்டி இப்படி ஓடியது” என்று காட்ட ஒரு பக்கம்கூடக் கையில் இல்லை.

வெளியாள் யாருமே பார்ப்பதில்லையா என்றால், ஒருவர் பார்க்கிறார்: தலைமைக் கணக்காயர். காவேரி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் 1989இல் சுமார் 383 கோடி ரூபாயில் அனுமதிக்கப்பட்டு 1996இல் முடிய வேண்டியது. திட்ட மதிப்பு 2,800 கோடியைத் தாண்டியதும், எடை கூடிப்போனதும், உந்துவிசை போதாமல் போனதும், தேஜஸ் விமானத்திலிருந்து 2008இல் பிரிக்கப்பட்டதும் பொதுமக்களுக்கு முறையாகத் தெரிந்தது கணக்காயர் அறிக்கையால். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் இல்லாவிட்டால் இதுவும் தெரியாது. ஆனால் அவர் கேட்கும் கேள்வி எவ்வளவு பணம், எவ்வளவு நாள் என்பது. டர்பைன் இறக்கை ஏன் உடைந்தது, எந்த உலோகக் கலவை வெப்பத்தில் சோர்ந்தது, அதை முதலில் கவனித்த பெண் அல்லது பையன் யார், அவர் சொன்னதை யார் கேட்டார்கள் என்பதெல்லாம் தணிக்கைப் பத்தியில் வராது. ஒரு அறிவியல் நிறுவனத்தைப் படிக்க வெளியிலிருந்து வருகிறவர் ஒரே ஒரு கணக்குப்பிள்ளை என்றால், நிறுவனமும் மெல்ல கணக்குப்பிள்ளைக்கு ஏற்றபடிதான் நடந்துகொள்ளும். நோட் ஷீட் சரியாக இருக்கும்.

பதவி உயர்வையும் இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சயின்டிஸ்ட் பி என்று நுழைகிறவர் சி, டி, ஈ, எஃப் என்று ஏறுகிறார். மேலே காலியிடம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. குறித்த ஆண்டுகள் ஆனதும் ஒரு குழுவின் முன் உட்கார்ந்து தன் வேலையை விளக்க வேண்டும், தேறினால் ஏறலாம். நாற்காலிக்கு ஆள் தேடாமல் ஆளுக்கு நாற்காலி செய் என்ற ஹோமி பாபாவின் பழைய வழியில் வந்தது இது. நல்ல ஏற்பாடு, இன்னும் சொன்னால் இந்திய அரசாங்கத்தின் மிக நல்ல பழக்கங்களில் ஒன்று. ஆனால் அந்த மேசையில் வைக்க விஞ்ஞானியிடம் என்ன இருக்கிறது? காதங்கிக்காரர் தன் கட்டுரைகளை வைப்பார், உலகம் அவற்றை ஏற்றதா மறுத்ததா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆயுத ஆய்வகத்துக்காரரிடம் தன் அதிகாரி எழுதிய ஆண்டு மதிப்பீடுதான் பெரிய சாட்சி. அந்த அதிகாரியிடம், “சார், நீங்கள் சொன்னது தவறு” என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அது கோழைத்தனமல்ல. குடும்பம் இருக்கிறவனின் கணக்கு.

2020இல் டி.ஆர்.டி.ஓ. ஐந்து நகரங்களில் இளம் விஞ்ஞானிகள் ஆய்வகம் தொடங்கியது, ஒன்று சென்னையில். இயக்குநர் உட்பட எல்லோரும் 35 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மரியாதையின் எடை தாங்காமல்தான் கேள்வி எழும்பவில்லை என்று யாரோ உள்ளேயே புரிந்துகொண்டதன் அடையாளமாக நான் அதைப் பார்க்கிறேன். வயதைக் குறைத்தால் போதுமா என்பது வேறு விஷயம். 34 வயதில் மற்றவரை நிற்க வைத்துப் பேசும் ‘சார்’களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இப்போது திருப்பதி மாவட்டத்தின் கிழக்குக் கோடிக்குப் போகலாம். 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது சூளூர்ப்பேட்டை திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது; அதோடு ஸ்ரீஹரிகோட்டா தீவும் வந்தது. யானாதிப் பழங்குடிகள் வாழ்ந்த தீவு. 1971 அக்டோபரில் அங்கே முதல் சிறு ராக்கெட் பறந்தது. இஸ்ரோவின் இடம் என்று மட்டுமே நமக்குத் தெரியும். ஆனால் இந்தியாவின் ஏவுகணைத் திட்டமும் தன் முதல் அடிகளை அங்கேதான் வைத்தது. 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தின் முதல் சோதனை, திரிசூல், 1985 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. 1988 பிப்ரவரி 25 அன்று பிருத்வியின் முதல் பறத்தலும் அங்கிருந்துதான். பிறகுதான் எல்லாம் ஒடிசாவின் சாந்திப்பூருக்குப் போனது. ஆக, ஒரே தீவு, ஒரே மணல், இரண்டு வகையான அறிவியல்.

அப்துல் கலாம் அந்த இரண்டிலும் இருந்தவர். 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர் பொறுப்பில் இருந்த எஸ்.எல்.வி.-3 கிளம்பி 317 விநாடியில் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் நிருபர்கள் முன் போய்ப் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு ஜூலை 18 அன்று ராக்கெட் வென்றபோது கலாமைப் பேச அனுப்பினார். தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் யாரும் இந்தக் கதையை விட்டுவைத்ததில்லை. எல்லோரும் தவனின் பெருந்தன்மையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: அங்கே நிருபர்கள் இருந்தார்கள். தோல்வியை யாரோ பார்த்துவிட்டார்கள், ஆகவே யாரோ ஒருவர் பேசியே ஆக வேண்டியிருந்தது. பேச வேண்டியிருந்ததால் தலைவர் எப்படிப்பட்டவர் என்பது வெளிப்பட்டது. பார்க்கவே ஆளில்லாத சோதனைத் தளத்தில் தவனாகவே இருந்தாலும் அந்தக் குணத்தைக் காட்டச் சந்தர்ப்பம் வந்திருக்காது.

அந்தத் தோல்விக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது, கலாமே அக்னிச் சிறகுகளில் எழுதியது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு தூசியால் மூடாமல் நின்று, நைட்ரிக் அமிலம் கசிந்தது. புறப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே கசிவு தெரிந்திருந்தது. பெரிதல்ல என்று முடிவு செய்து அனுப்பினார்கள். பிற்பாடு கூடிய ஆய்வுக் கூட்டத்தில் இது வெளியே வந்தது. நமக்கு இன்று தெரிகிறது என்றால் கலாம் எழுதியதால் தெரிகிறது. எழுத முடிந்தது அது விண்வெளித் துறை என்பதால். திரிசூலுக்கு அப்படி ஒரு அத்தியாயம் இல்லை. கதிரைப் பிடித்துக்கொண்டு போகும் அதன் வழிகாட்டு முறை தொல்லை கொடுத்தது என்ற அளவில் பொதுவில் பேச்சு உண்டு. கடற்படை காத்திருந்து பார்த்துவிட்டு இஸ்ரேலிடம் பராக் ஏவுகணையை வாங்கிக்கொண்டது. 2008இல் திரிசூலை மூடினார்கள்.

இந்த இடத்தில் ஒருவர் வழக்கமாகக் குறுக்கே வந்து, ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் ராக்கெட்டின் சிறு மாதிரியை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போகிறார்களே, சூளூர்ப்பேட்டை செங்காளம்மனைக் கும்பிடுகிறார்களே, இதுதானே அறிவியல் மனப்பான்மைக்குக் கேடு என்பார். எனக்கு அந்த வருத்தம் அவ்வளவாக இல்லை. பல நூறு கோடி ரூபாயும் பல ஆயிரம் பேரின் ஆண்டுகளும் சில நிமிடங்களில் தீர்மானமாகப் போகிறபோது மனிதன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வான். கோயிலில் செய்யும் சடங்கைவிட, ஏவுதலுக்கு முதல்நாள் ஒப்புதல் கூட்டத்தில் நடக்கும் சடங்குதான் எனக்குக் கவலை. “எல்லோருக்கும் சம்மதமா?” என்று தலைமை கேட்கும்போது, கடைசி வரிசையில் இருக்கும் பெண் கையைத் தூக்கி, “என் வால்வு எனக்குத் திருப்தியாக இல்லை” என்று சொல்ல முடிகிறதா? அது முடிந்தால் பெருமாளிடம் எத்தனை முறை போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. 2004 பிப்ரவரி 23 அன்று இதே ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருள் பிரிவில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். அந்த மாதிரி வேலையில் கையைத் தூக்குவது என்பது உயிர் சம்பந்தப்பட்டது.

விண்வெளித் துறை தன் தோல்விகளைப் பெரும்பாலும் சொல்லிவந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 விழுந்தபோது, ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் ஏன் குறைந்தது, எந்த வால்வு கசிந்திருக்கலாம் என்று சில மாதங்களில் விளக்கம் வெளியிட்டார்கள். படித்த பொறியியல் மாணவர்கள் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி. சி-61 மூன்றாம் கட்டத்தில் தவறி, ஈ.ஓ.எஸ்.-09 என்ற ரேடார் செயற்கைக்கோளை இழந்தது. எல்லைக் கண்காணிப்புக்கும் உதவக்கூடியது என்று பேசப்பட்ட செயற்கைக்கோள். அதன் ஆய்வறிக்கையை மாதங்கள் கழிந்தும் பொதுவில் வைக்கவில்லை. ஒரு சம்பவத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. பாதுகாப்பு ஆய்வகங்கள் காதங்கியைப் போல ஆகும் என்று காத்திருந்தோம். ஸ்ரீஹரிகோட்டா பாதுகாப்பு ஆய்வகத்தைப் போல ஆகத் தொடங்கிவிட்டதோ?

எதிரிக்குத் தெரிந்துவிடும் என்ற வாதம் இருக்கிறது, அது பொய் வாதமும் அல்ல. நம் ஏவுகணைக்குத் தேவையான உருக்கையும் கார்பன் இழையையும் கணினியையும் உலகம் கொடுக்க மறுத்த ஆண்டுகள் உண்டு. 1998 அணுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா நம் ஆய்வகங்களைத் தடைப் பட்டியலில் போட்டது. அப்போது வாயை மூடிக்கொண்டு செய்து முடித்தவர்கள்மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆயுதத்தின் அளவுகளை யாரும் கேட்கவில்லை. ஆனால் தகவல் உரிமைச் சட்டம் டி.ஆர்.டி.ஓ.வைத் தன் விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது; ஊழலும் மனித உரிமை மீறலும் தவிர மற்ற எதையும் கேட்க முடியாது. இஸ்ரோ அந்தப் பட்டியலில் இல்லை. 2023இல் டி.ஆர்.டி.ஓ.வைச் சீரமைக்க விஞ்ஞானி விஜயராகவன் தலைமையில் குழு போட்டார்கள். அந்தக் குழு என்ன சொன்னது என்பதையே நாம் செய்தித்தாள் கசிவுகளில்தான் படித்தோம். ஓர் அமைப்பின் வேலைப் பண்பாட்டை எப்படித் திருத்துவது என்ற அறிக்கையில் எந்த எதிரிக்கு என்ன கிடைத்துவிடும்?

நான் கேட்பது சிறியது. திரிசூல் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அது முதலில் பறந்த தீவில் இப்போது வேறு ராக்கெட்டுகள் பறக்கின்றன. அதைச் செய்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் திருப்பதியிலும் ஆவடியிலும் ஹைதராபாத்திலும் பேரக் குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூடிய திட்டங்களின் சோதனைக் குறிப்புகளை, வாங்கிய திட்டுகளையும் எழுதிய நோட்டுகளையும் சேர்த்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு திறக்க ஒரு விதி வேண்டும். அந்த விதி வரும்வரை காத்திருக்காமல், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, அந்தப் பொறியாளர்கள் எழுத வேண்டும். ஆயுதத்தைப் பற்றி வேண்டாம். தங்கள் அலுவலகத்தைப் பற்றி, கேட்கப்படாமல் போன ஒரு கேள்வியைப் பற்றி. தமிழில் எழுதினால் சிறுபத்திரிகைகள் போடும். பக்கத்துக்குக் காசு தர முடியாது, ஆனால் படிக்க முன்பின் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.